வியாழக்கிழமைத் தையல் வகுப்பு

…இன்னும் எடுக்கவில்லை, பாய்மார் வீட்டில் சாவு விழுந்தால் நம்மைப்போல மூத்த மகன் பட்டாளத்திலிருந்து வரவேண்டும், சம்பந்தி கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும் என்று போட்டு வைத்திருக்க மாட்டார்கள், விடிந்து குளிப்பாட்டினால் வெயில் ஏறுவதற்குள் மண்ணில் வைத்துவிடுவார்கள், அந்த நம்பிக்கையில்தான் வாழைப்பூவை ஆய்ந்து மோர்த்தண்ணீரில் போட்டேன், இப்போது பார்த்தால் வெயில் முற்றத்துக்கு நடுவில் வந்து நிற்கிறது, பூ மோரிலேயே கறுக்கிறது, நான் உட்கார்ந்திருக்கிறேன். சுவரோடு சுவர் ஒட்டிய தெரு இது, ஒரு வீட்டில் பிணம் கிடந்தால் எடுக்கிறவரை மற்ற வீட்டில் உலை வைப்பதில்லை, செத்தவர் என்ன சாதி என்ன மதம் என்றெல்லாம் அடுப்புக்குத் தெரியாது, காரைக்குடியில் வேறு தெருவில் எப்படியோ, இங்கே அப்படித்தான், எதிர்வீட்டுக் காளியம்மாள் மட்டும் கொல்லைப்பக்கம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அழுதாள், வாசனை எனக்குத் தெரியாதா என்ன. செத்தவள் என் பக்கத்து வீட்டு ஜைத்தூன். மஞ்சள் காமாலை. முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து விடியற்காலை வாடகைக் காரில் பின்சீட்டில் உட்காரவைத்தே கொண்டுவந்தார்கள், படுக்கவைத்தால் டிரைவர் வாடகை அதிகம் கேட்பானாம். வருத்தமில்லையா என்றால் இருக்கிறது, அழுதேனே, மூக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் வருத்தத்துக்கு ஒரு இடம் இருக்கிறது, வயிற்றுக்கு ஒரு இடம் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு இடம், என்ன செய்ய.

இந்த மனுஷனாவது இருந்திருந்தால் பேச்சுத்துணையாக இருக்கும், என் வீட்டுக்காரர் செம்மலை ஆசாரியைத்தான் சொல்கிறேன், இருட்டுப் பிரியும்போதே உளிப்பையைத் தூக்கிக்கொண்டு கல்லலுக்கு ஓடிவிட்டார். ஓடாமல் என்ன செய்வார், ஜைத்தூனின் புருஷன் ஹயாத் முகம்மது வாசலில் வந்து நின்றாரே, சட்டைப் பொத்தான்கூட மாற்றிப் போட்டிருந்தது. "ஆசாரி, ஒரு சந்தூக்கு அடிச்சுத் தரணும், மாம்பலகைன்னாலும் போதும்" என்றார். சந்தூக்கு என்றால் அவர்கள் மையத்தை, அதுதான் பிணத்தை, தூக்கிப்போகும் பெட்டி, பள்ளிவாசலில் ஒன்று எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது, அதையே இவர்தான் செய்து கொடுத்தார், தேக்கு, இரண்டு பக்கமும் தாமரை மொட்டுக் கடைசல், எத்தனை பேரைச் சுமந்தும் ஒரு மூட்டு அசையவில்லை என்று பெருமை வேறு. பொதுப்பெட்டி இருக்கும்போது தனிப்பெட்டி கேட்கிறார் என்றாலே புரிந்துவிட்டது, ஜமாஅத்துக்காரர்கள் கொடுக்கமாட்டேன் என்றிருக்கிறார்கள். இவர் எச்சில் விழுங்கிக்கொண்டு, "தம்பி, கல்லல்ல ஒரு வீட்டுக்கு நெலை வைக்கிறேன்னு வாக்குக் குடுத்திட்டேன், மூர்த்தம் தப்பிரும்" என்கிறார். அஷ்டமியன்று எவன் வீட்டில் நிலை வைக்கிறான்? ஹயாத்துக்கு அஷ்டமி நவமி தெரியாது, நல்லதாகப் போயிற்று, "சரி ஆசாரி" என்று திரும்பிப் போனார். வருஷா வருஷம் தெருத் தர்காவுக்குச் சந்தனக்கூட்டுத் தேர் கட்டுகிற வேலை இவருக்குத்தான், பள்ளிவாசலை நிர்வாகம் பண்ணுகிற முத்தவல்லி நாகூர்கனி ராவுத்தர் முகம் கோணினால் அது போய்விடும், ஆகவே அஷ்டமியன்று நிலை வைக்கப் போய்விட்டார். ஆண்பிள்ளைகள் பயப்படும்போது எவ்வளவு வேகமாகச் செருப்பு மாட்டுகிறார்கள்!

பெட்டி கிடைத்தாலும் என்ன பிரயோசனம், அவர்கள் புதைக்கிற மையவாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நாகூர்கனி ராவுத்தர் இடுப்பில் செருகியிருக்கிறார், பச்சைப் பெல்ட்டில், இங்கிருந்தே பளபளக்கிறது. போன வருஷம் எழுபத்திரண்டில் சந்தனக்கூடு முடிந்த கையோடு ஹயாத்தை ஊர் விலக்கு வைத்தார்கள், சலாம் சொல்லக் கூடாது, கல்யாணங்காட்சிக்குக் கூப்பிடக் கூடாது, செத்தால் நம் மண்ணில் இடமில்லை, சொன்னபோது எல்லோரும் சும்மா மிரட்டல் என்றுதான் நினைத்தோம், செத்துப் பார்த்தால்தானே தெரியும். அப்படி என்ன கொலைக்குற்றம் செய்தார் என்றால் ஒன்றுமில்லை, படித்தார். பினாங்கில் மாமன் ஜவுளிக்கடையில் இருந்தவர், எல்லோரும் பினாங்கிலிருந்து கோடாலித் தைலமும் குடையும் கொண்டுவருவார்கள், இவர் ஒரு டிரங்குப்பெட்டி புத்தகமும் ஒரு முழத் தாடியும் கொண்டுவந்தார். அங்கே பாய்மாருக்குள்ளே பழைய கூட்டம் புதிய கூட்டம் என்று இரண்டாம், பழைய கூட்டம் நபி புகழ் பாடி மவ்லூது ஓதும், தர்காவுக்குப் போகும், தாயத்துக் கட்டும், புதிய கூட்டம் இதெல்லாம் நபி சொன்னதில்லை, நடுவில் வந்த குப்பை, கூட்டித் தள்ளு என்னுமாம், இவர் துடைப்பத்தோடு வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் செருப்புத் தேடும்போது எழுந்து நின்று, மண்ணுக்குள் இருக்கிறவர் கேட்கமாட்டார், கேட்டாலும் கொடுக்கமாட்டார், அல்லாவிடம் நடுவில் ஆள் வைத்துக் கேட்காதீர்கள் என்று ஆரம்பித்தால் சும்மா இருப்பார்களா? மதீனாவிலேயே நபி வீட்டுக்காரர்களின் கப்ருமேல், அதுதான் சமாதிமேல், இருந்த கும்மட்டத்தையெல்லாம் இடித்துத் தரையாக்கிவிட்டார்கள், அதுவும் ஐம்பது வருஷமாகப் போகிறது, இங்கே ஊர்பேர் தெரியாத ஒருத்தர் கப்ருக்கு ஜரிகைப் போர்வையா என்று அவர் ஒருநாள் ஜைத்தூனிடம் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது, நான் காதை வைத்துக் கேட்கவில்லை, சுவர் அவ்வளவு மெல்லிசு.

வகாபி, வகாபி என்று தெருவில் அவரைச் சொல்வார்கள், நான் ஏதோ கெட்டவார்த்தை என்று நினைத்திருந்தேன், "என்னடி அது வகாபி?" என்று ஜைத்தூனையே கேட்டேன், அவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள், "யாரோ அரபுநாட்டுக்காரராம்க்கா, எரநூறு வருசத்துக்கு முந்தி கப்ரக் கும்பிடாதீகன்னு சொன்னவராம், இவுக அவரு கிதாபு ஒண்ணுகூட இன்னும் படிச்சதில்லையாம், அதுக்குள்ள அவரு பேர இவுகளுக்கு வச்சிட்டாக" என்று சிரித்தாள். சிரிக்கிற பெண்தான். இதில் இன்னொரு கூத்து, வடக்கேயிருந்து மூட்டை முடிச்சோடு தொழுகைக்குக் கூப்பிடுகிற கூட்டம் ஒன்று வந்து பள்ளிவாசலில் தங்கியது, கணுக்காலுக்கு மேலே கைலி, இவரும் நம் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று ஓடினார், அவர்களோ சண்டை வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம், அஞ்சு வேளை தொழு, மற்றது தானாக வரும் என்றார்களாம், தொழுகிறவன்தானே தர்காவில் கந்தூரி விழாவும் எடுக்கிறான் என்று அவர்களிடமும் கோபித்துக்கொண்டு வந்துவிட்டார், ஆக ஒரு ஆளே ஒரு கூட்டம். என் கொழுந்தன் மாயக்கண்ணன் கூட இப்படித்தான், கருப்புச்சட்டை போட்டுக்கொண்டு சாமி இல்லை பூதம் இல்லை என்று பிள்ளையார்பட்டிக்கு மாலை போட்டு வருகிறவர்களை நடுரோட்டில் நிறுத்தி நியாயம் கேட்பான், செத்ததும் அவன் பெண்டாட்டி முதல் காரியமாக நெற்றி நிறையத் திருநீறு பூசிச் சங்கு ஊதித்தான் எடுத்தாள், அவனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, படுத்துக் கிடந்தான். ஆனால் ஒன்று, சுடுகாட்டைப் பூட்டவில்லை, அங்கே பூட்டக் கதவும் இல்லை.

ஜைத்தூனைக் கிடத்தியிருக்கிற ஐஸ் உருகிச் சாக்கடையில் ஓடுகிறது, ஃபாக்டரியிலிருந்து இரண்டாவது தடவையாகக் கொண்டுவந்து போட்ட பாளம், மரத்தூளோடு தண்ணீர் என் வாசல்படி வரை வந்துவிட்டது, கத்திரி வெயில் யார் விலக்கு வைக்கப்பட்டவர் யார் வைத்தவர் என்று பார்க்குமா, சாயங்காலத்துக்குள் வாடை வந்துவிடும், வந்தால் இந்தத் தெருவே… சீ, இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, நினைக்கிறேனே. ஜன்னல் கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்தால் எல்லாம் தெரிகிறது. நாகூர்கனி ராவுத்தர் வீட்டுக்குள் வரமாட்டார், குழாயடி வேப்பமரத்துக்குக் கீழே நாலைந்து பேரோடு நிற்கிறார், ஹயாத் தன் வாசலில் நிற்கிறார், நடுவில் தெரு. "எல்லார் முன்னாலயும் மவ்லூது ஓதறது சரி, தர்காவுக்குப் போறது சரின்னு ஒரு வார்த்தை சொல்லி, செஞ்சது தப்புன்னு தவ்பா செய்யி, அந்த நிமிசமே தெறக்கறேன்" என்கிறார் ராவுத்தர். "எம் பொஞ்சாதி மையத்த வச்சிப் பேரம் பேசறீகளா?" "பேரம் என்னத்துக்குத் தம்பி, ஜமாஅத்துச் சட்டம்." "எந்தக் கிதாபுல இருக்கு அந்தச் சட்டம், காட்டுங்க, இப்பவே கழுத்த நீட்டறேன்." ராவுத்தர் அவசரப்படவில்லை, இடுப்பைத் தட்டிக்கொண்டு, "கிதாபு ஒங்கிட்ட இருக்கு, சாவி எங்கிட்ட இருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், நல்லவேளை ஜன்னலுக்கு இந்தப் பக்கம். நாகூர்கனி என்ற பெயரே ஒரு அவுலியா, அவர்கள் மகான், அடங்கிய ஊரிலிருந்து வந்தது, இவருடைய அம்மா அங்கே நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை, ஹயாத் சொல்வது சரியென்றால் இந்த மனுஷன் பிறந்ததே தப்பாகிவிடும், பின்னே கோபம் வராமல் என்ன செய்யும்.

உள்ளே ஜைத்தூனின் அம்மா இருக்கிறாள், இளையான்குடியிலிருந்து அலறிப்புடைத்துக்கொண்டு வந்தவள், மருமகன் காலைப் பிடிக்காத குறை, "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன் மாப்ள, ஒங்க மனசுல என்ன இருக்குன்னு அல்லாவுக்குத் தெரியாதா" என்கிறாள், "அல்லாவுக்குத் தெரியும்கறதாலதான் மாமி சொல்ல முடியல" என்கிறார் இவர். பதில் நன்றாகத்தான் இருக்கிறது, பத்திரிகையில் போடலாம். ஆனால் அந்த அம்மாள் ஓவென்று வாய்விட்டு அழுதபோது, "மாமி, ஒப்பாரி வைக்கிறது கூடாது, மையத்துக்கு வேதனை" என்றாரே, அப்போது எனக்கே ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது, அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தோள் மட்டும் குலுங்க உட்கார்ந்திருந்தாள், ராவுத்தர் மண்ணைப் பூட்டினார், இவர் அழுகையைப் பூட்டினார், நடுவில் ஜைத்தூன் கபன் என்கிற வெள்ளைத்துணியில் கட்டிய பொட்டலமாக ஐஸ்மேல் கிடக்கிறாள், அவளை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவள் யார் பக்கம் சொல்லுவாள்? எனக்குத் தெரியும். இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும், அதுதான் காலையிலிருந்து நாக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டு குறுகுறுவென்கிறது.

வியாழக்கிழமைகளில் அவள் என்னோடு வருவாள். நாச்சியாபுரம் பக்கம் பொட்டலில் ஒரு அவுலியா தர்கா இருக்கிறது, ஒற்றைப் பனைமரம், தகரக் கொட்டகை, ஓதிவிட ஒரு கிழட்டு லெப்பை, பெரிய தர்கா இல்லை, இந்தத் தெருக்காரர்கள் யாரும் அங்கே போகமாட்டார்கள், ஆனால் என் முட்டிவலி அங்கே மயிலிறகால் தடவினால்தான் ஒரு வாரம் சொன்னபடி கேட்கும், டாக்டர் மாத்திரையைவிட மேல், பஸ் சார்ஜு மட்டும்தான். ஒருநாள் கிளம்பும்போது ஜைத்தூன் கொல்லைச் சுவர்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, "நானும் வரட்டாக்கா?" என்றாள். "ஒம் புருசன் தோல உரிச்சிருவாரேடி" என்றேன். "தையல் பழகப் போறேன்னு சொல்றேன்" என்றாள், யோசிக்கவே இல்லை, தயாராக வைத்திருந்திருக்கிறாள். என் தங்கை சீதாலட்சுமியிடம் தையல் மிஷின் இருக்கிறது, ஹயாத்துக்கும் தெரியும், பெண்கள் கைத்தொழில் பழகுவது நல்லது என்று சந்தோஷமாக அனுப்பினார் பாவம், கத்திரிக்கோல்கூட வாங்கிக் கொடுத்தார். அப்புறம் வியாழன் தவறாமல் தையல் வகுப்புத்தான், சீனி வாங்குவாள், பத்தி வாங்குவாள், லெப்பை பாத்திஹா ஓதிச் சீனியைத் திருப்பிக் கொடுப்பார், அதைப் பஸ்ஸிலேயே நானும் அவளும் தின்று தீர்த்துவிடுவோம், வீட்டுக்குள் கொண்டுபோக முடியாதே. ஒரு பாவாடைநாடா கோத்ததைக்கூட நான் பார்த்ததில்லை, "என்ன தச்சே?" என்று இந்த மனுஷன் ஒருநாள்கூடக் கேட்கவில்லையா என்று எனக்கு ஆச்சரியம், ஊரிலுள்ள கிதாபையெல்லாம் கேள்வி கேட்கிற ஆள் பெண்டாட்டியை ஒரு கேள்வி கேட்கவில்லை.

இதைச் சொன்னால் தீர்ந்தது. அவள் பாத்திஹா ஓதினவள், தர்காவுக்குப் போனவள், ராவுத்தரின் ஆள்தான், ஆகவே கதவைத் திற, எடு, புதை. புருஷன் எந்தக் கட்சியாக இருந்தால் என்ன. சொல்லாவிட்டால் ஹயாத் தலை குனியமாட்டார், ராவுத்தர் சாவியை எடுக்கமாட்டார், இருட்டிவிடும், அந்தப் பெண்… சொன்னால் ஹயாத்துக்குத் தெரிந்துவிடுமே, ஊர் முன்னால், இன்றைக்கு, பெண்டாட்டி செத்த அன்றைக்கு… தெரியட்டுமே, உயிரோடு இருப்பவர் தாங்கிக்கொள்வார், செத்தவள்தான் தாங்கமாட்டாள், அப்படித்தானே? அப்படித்தான் நினைத்தேன் என்று வைத்துக்கொள்வோம். வாழைப்பூவையும் ஒருதரம் பார்த்தேன். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன், குழாயில் தண்ணீர் வருகிற நேரமா அது, அங்கிருந்த ஒரு ஆண்பிள்ளைக்கும் அது தோன்றவில்லை.

"ராவுத்தரே, அந்தப் புள்ள ஒங்க ஆளு, தெரியுமா ஒங்களுக்கு?" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், என் மெதுவு தெருக்கோடி வரை போகும் என்பது வேறு விஷயம். "என்ன ஆசாரியம்மா சொல்றீக?" "வியாழக்கெழம தவறாம எங்கூடத் தர்காவுக்கு வந்திருக்கு, சீனி வச்சுப் பாத்திஹா ஓதிக்கிட்டுத்தான் வரும், வீட்டுல தையலுக்குப் போறேன்னு சொல்லிட்டு." தையலா என்று யாரோ கேட்டான், தையல்தான் என்று இன்னொருவன் சொன்னான், அவ்வளவுதான், கொட்டாவி மாதிரி ஒவ்வொரு வாயாகப் பரவிச் சிரிப்பு. ஒரு கிழவர் மட்டும், நம் தீன் மார்க்கத்தில் இல்லாத பெண்பிள்ளை சாட்சி இதற்குச் செல்லுமா என்று இழுத்தார். ராவுத்தர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தாடிக்குள் போய்விட்டார். "அந்தம்மாவுக்குப் பொய் சொல்ல என்ன தேவை இருக்கு?" என்றார் ராவுத்தர். சரிதானே, எனக்கு என்ன தேவை. காலையிலிருந்து வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த கதவு அவருக்கும் திறந்துவிட்டது, பிணத்தை வெயிலில் போட்ட பாவமும் வேண்டாம், தோற்றுப்போன பெயரும் வேண்டாம், அவருக்கு இந்தச் சாட்சியை இன்றைக்கு ஒரு பசுமாடு சொல்லியிருந்தாலும் செல்லும்.

ஹயாத் தெருவில் இறங்கி வந்தார். "பொய்" என்றார், என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்து. "நான் எதுக்குத் தம்பி பொய் சொல்றேன்" என்று நான் ஆரம்பிப்பதற்குள், அவர் வாசலிலிருந்து ஜைத்தூனின் அம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள், கையை நீட்டினாள், உள்ளங்கையில் ஒரு செப்புத் தகடு, விரல் நகம் அளவு, சுருட்டி மெழுகு வைத்த தாயத்து. "உள்பாவாட மடிப்புல வச்சுத் தச்சிருந்துச்சு மாப்ள… குளிப்பாட்டையில கையில நெருடுச்சு… நாந்தான் பிரிச்சு எடுத்து மறச்சேன்… மன்னிச்சிருங்க, மண்ணு கெடைக்கட்டும் எம் புள்ளைக்கி." தைக்கத் தெரிந்திருக்கிறது அந்தக் கள்ளிக்கு! எனக்குக்கூடத் தெரியாது, என்னிடம்கூட மறைத்திருக்கிறாள் பாருங்கள். ஹயாத் அந்தத் தகட்டைத் தொடவில்லை. வகாபி வீட்டுப் பாவாடையில் தாயத்து என்று பின்னால் ஒருவன் மெட்டுப்போட்டுச் சொன்னான். ராவுத்தர் சிரிக்கவில்லை, அவர் பெரியமனுஷர், பெரியமனுஷர்கள் செய்கிற காரியத்தைச் செய்தார், "நம்ம புள்ள, நம்ம செலவுல, நம்ம மொறையில எடுப்போம், அவ புருசன் மட்டும் தள்ளி நிக்கட்டும், ஜமாஅத்துல இல்லாதவனுக்கு மையவாடிக்குள்ள என்ன சோலி" என்று சாவியை எடுத்துப் பாங்கு சொல்கிற மோதினாரின் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லட்டும், இவ்வளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை, நினைத்திருந்தாலும்… தேக்குச் சந்தூக்கு வந்தது, மேலே விரிக்கப் பச்சைப் போர்வை வந்தது, ஜரிகை வைத்தது, தெருத் தர்காவிலிருந்து சந்தனக் கிண்ணம் வந்தது, சாம்பிராணி வந்தது, ஹயாத் எதையெதையெல்லாம் கூடாது கூடாது என்று இத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தினாரோ அதெல்லாம் ஒன்றுவிடாமல் அவர் வாசலிலேயே வந்து இறங்கியது, வாசலில் நிறுத்திவைத்துப் பாத்திஹா ஓதினார்கள், வழக்கத்தைவிடச் சத்தமாக, வழக்கத்தைவிட நீளமாக, ஒவ்வொரு ஆமீனும் அவர் முகத்தைப் பார்த்து. ஒரு முனையைத் தூக்க அவர் கையை வைத்தார், எடுத்துவிட்டார்கள். மறுமுனைக்குப் போனார், அங்கேயும் எடுத்துவிட்டார்கள், அடிக்கவில்லை, திட்டவில்லை, சின்னப்பிள்ளை கையிலிருந்து கண்ணாடிச் சாமானை வாங்குவதுபோல விரலைப் பிரித்து எடுத்தார்கள், அதற்கு அடித்திருக்கலாம். பின்னாலேயே நடந்து போனாராம், மையவாடிக் கதவுக்கு வெளியே நின்றாராம், தொழுகை நடக்கும்போது ரோட்டில் தனியாகக் கை கட்டி நின்று தொழுதாராம், மூன்று பிடி மண் போடவாவது விடுங்கள் என்று கேட்டதற்கு ஒருவர், "மண்ணுக்குள்ள இருக்கறவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீதானே சொன்னே, அப்பறம் யாரு போட்டா என்ன" என்றாராம். காளியம்மாள் மகன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான், நான் அடுப்பு மூட்டிக்கொண்டே கேட்டேன். வாழைப்பூ பாதி கறுத்துவிட்டது, கறுத்ததைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை வதக்கினேன், பசியில் உப்பு உறைப்பு தெரியவில்லை, நன்றாகச் சாப்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். செம்மலை ஆசாரியும் நிலை வைத்துவிட்டு வந்து சாப்பிட்டார். "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது" என்றேன். "யார் முடிச்சா?" என்று கேட்கவில்லை, பஸ்ஸிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள், இலையைப் பார்த்தே சாப்பிட்டார்.

கொல்லைக் கதவை யார் தட்டுகிறார்கள், காளியம்மாளாக இருக்கும், வாழைப்பூ கேட்டு வருவாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு திறந்தால் ஹயாத் முகம்மது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, காலையில் மாற்றிப் போட்ட பொத்தான் இன்னும் அப்படியே இருக்கிறது, கைலியெல்லாம் ரோட்டுப் புழுதி. திட்டுவார், ஏன் சொன்னாய் என்பார், ஏன் கூட்டிக்கொண்டு போனாய் என்பார், கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன், இத்தனை வாரத்தில் நீங்கள் ஏன் ஒருநாள்கூட என்ன தைத்தாய் என்று கேட்கவில்லை என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவேன் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்றார், இதற்கு முன்னால் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை, ஆசாரியம்மாதான், "அக்கா, அவ அங்க என்னக்கா கேட்டா?"

என்ன கேட்டாள்… பிள்ளை கேட்டிருப்பாள், வேறு என்ன, கல்யாணமாகி இத்தனை வருஷம், வயிறு திறக்கவில்லை, பெண்பிள்ளைகள் வேறு எதற்குத் தர்காவுக்குப் போவார்கள், நான் அப்படித்தான் நினைத்திருந்தேன், நினைத்திருந்தேனே தவிர… இல்லை, புருஷனுக்கு நல்ல புத்தி வர வேண்டும், தெருவோடு ஒத்துப்போக வேண்டும் என்று கேட்டிருக்கலாம், அதுவும் பொருந்துகிறது, இந்த வீட்டிலிருந்து விடுதலை வேண்டும் என்றும் கேட்டிருக்கலாம், அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது, ஒன்றுமே கேட்காமல் காற்றாட உட்கார்ந்து சீனி தின்றுவிட்டு வந்திருக்கலாம், எதை வைத்தாலும் பொருந்துகிறதே… இந்தத் தெருவில் எவள் வீட்டு நகை எந்த அடகுக்கடையில், எவன் எவளுக்குக் கண் காட்டுகிறான், எல்லாம் எனக்குத் தெரியும், இது எப்படித் தெரியாமல் போயிற்று? அவளைக் கேட்டிருப்பேனே, கேட்காமல் இருப்பேனா நான், எப்போது கேட்டேன்… போகிற பஸ்ஸில் காளியம்மாள் மருமகள் கதையைச் சொன்னேன், வருகிற பஸ்ஸில் என் நாத்தனார் கதையைச் சொன்னேன், கொட்டகையில் அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கையை ஏந்தி உட்கார்ந்திருக்கும்போதுகூட நான் அந்தக் கிழட்டு லெப்பையிடம் என் முட்டியைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன், அவள் உதடு அசைந்ததா… அசைந்திருக்கும்… நான் அந்தப் பக்கம் திரும்பினேனா? ஹயாத் இன்னும் சட்டத்தை விடவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கிதாபில் ஆதாரம் கேட்கிற கண் இல்லை அது, நான் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார், எதைச் சொன்னாலும்…